பயமுறுத்தாமல் எப்படிக் கற்பிப்பது? நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளும் நாய்களும்

கேள்வி
எழுதியவர்: தொடக்க வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வகுப்பிலும் சேர்த்து 38 குழந்தைகள். சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இதை எழுதத் தூண்டியது.

எங்கள் பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மதிய இடைவேளையில் குட்டி ஒன்றைத் தூக்கியபோது அதன் பல் அவன் புறங்கையில் பட்டு இரத்தம் கசிந்திருக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை; கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தபடியே மூன்று நாள் வகுப்புக்கு வந்திருக்கிறான். மூன்றாம் நாள் மாலை அவனுடைய நண்பன் என்னிடம் வந்து, "டீச்சர், அவனை நாய்க்குட்டி கடிச்சிடுச்சு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்" என்று அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றே அவன் பெற்றோரை அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். இப்போது எல்லா ஊசிகளும் முடிந்து நலமாக இருக்கிறான்.

ஏன் மறைத்தாய் என்று பிறகு மெதுவாகக் கேட்டேன். குட்டியைத் தொட்டதற்காக அம்மா அடிப்பார் என்பது ஒன்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொல்லியிருந்தது இன்னொன்று. நாயைவிட நம்மைக் கண்டுதான் அந்தக் குழந்தை அதிகமாகப் பயந்திருக்கிறது என்பதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தலைமை ஆசிரியர் மாதம் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். என் வகுப்பில் நாயைக் கண்டாலே கல்லைத் தேடும் குழந்தைகளும் இருக்கிறார்கள். எந்தத் தெருநாயையும் கட்டிப்பிடிக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். "குரைக்கிற நாயைக் கண்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டபோது பாதி வகுப்பு ஒரே குரலில், "குரைக்கிற நாய் கடிக்காது டீச்சர்" என்றது. முதல் சாராருக்கு எச்சரிக்கையைச் சொன்னால் வெறுப்பு கூடுமோ, இரண்டாம் சாராருக்கு அன்பைச் சொன்னால் ஆபத்து கூடுமோ என்று தயங்குகிறேன். ஒரு நாயை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டலாமா? பெரும்பாலான வீடுகளில் நாய் இருந்தும் அவற்றுக்குத் தடுப்பூசி போடாத ஓர் ஊரில், பொறுப்பாக வளர்ப்பது பற்றிக் குழந்தைகளிடம் எவ்வளவு பேசலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு கால்நடை மருந்தகங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் நாயின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கடிபட்ட பின் செய்ய வேண்டியதை மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவர் எழுதினால் அதுதான் முறையாக இருக்கும்.

உங்கள் வகுப்பு ஒரே குரலில் சொன்ன அந்தப் பழமொழியிலிருந்தே தொடங்குங்கள். குரைப்பதும் உறுமுவதும் நாய் தன்னிடம் உள்ள ஒரே மொழியில் "இதற்கு மேல் வராதே" என்று சொல்வதாகும். சொன்னதைக் கேட்டு விலகினால் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். கேட்காமல் மேலும் நெருங்கினால் குரைத்த நாயும் கடிக்கும். இதைச் சொல்லும்போது வீட்டில் நாய் வளர்க்கும் குழந்தைகளுக்கு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுமியதற்காக நாயை அடிக்கக் கூடாது. அடி வாங்கி வாங்கி உறுமுவதை விட்டுவிட்ட நாய், எச்சரிக்கை தராமல் நேராகக் கடிக்கும் நாயாகிவிடுகிறது. என்னிடம் "திடீரென்று கடித்துவிட்டது ஐயா, இதுவரை ஒரு சத்தம்கூடப் போட்டதில்லை" என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட நாய்களில் பலவற்றின் கதை இதுதான்.

உறுமலுக்கு முன்பே நாய் பல அடையாளங்களைக் காட்டுகிறது. குழந்தைகளுக்குக் கற்பிக்க மிகவும் ஏற்ற பகுதி இது என்பேன். நாம் நெருங்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, எதிரில் உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கக் கலக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப் பார்வை பார்ப்பது, காதுகளைப் பின்னால் மடக்கி உடலைத் தாழ்த்துவது, எல்லாவற்றுக்கும் மேலாக, அசைந்துகொண்டிருந்த உடல் திடீரென விறைத்து நின்றுவிடுவது. வாலை ஆட்டும் நாயெல்லாம் நட்பானது என்பதும் சரியல்ல. உடல் முழுவதும் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து வால் குழைந்தால் அது மகிழ்ச்சி. உடல் விறைத்து, வால் மட்டும் உயர்ந்து வேகமாக ஆடினால் அங்கே நிற்கக் கூடாது. சிறு குழந்தைகள் பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கும் நாய் என்று எடுத்துக்கொள்வதுண்டு. எனவே படங்களைக் கரும்பலகையில் வரைந்து, "இந்த நாய் என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். ஒரு குழந்தையை நாயாக நடிக்கச் சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும். அவர்கள் இதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

தொடவே கூடாத வேளைகளையும் வரையறுத்துச் சொல்லுங்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய், அடிபட்ட அல்லது நோயுற்ற நாய் ஆகியவற்றை, அவை சொந்த வீட்டு நாய்களாகவே இருந்தாலும், குழந்தை தனியாக நெருங்கக் கூடாது. கழுத்தைக் கட்டிக்கொள்வதை நாம் அன்பு என்கிறோம். நாய்க்கு அது சிறைப்பிடிப்பு. அறிந்தவர் வீட்டு நாயைத் தொட விரும்பினால் முதலில் அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டும். பிறகு கையை நீட்டாமல் பக்கவாட்டில் நின்று நாயே வந்து முகரட்டும் என்று காத்திருக்க வேண்டும். வந்தால் உச்சந்தலையைத் தட்டாமல் மார்பையோ தோளையோ மெல்லத் தடவலாம். வராவிட்டால் அதற்கு இன்று விருப்பமில்லை என்று பொருள்.

தெருவில் அறியாத நாய் அருகே வந்துவிட்டால் ஓடக் கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். மரம் போல நிற்கச் சொல்லிப் பழக்குங்கள்: கால்களைச் சேர்த்து ஊன்றி, இரு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்து, வேரைப் பார்ப்பது போலத் தன் பாதங்களைப் பார்த்தபடி, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, சத்தமின்றி நிற்க வேண்டும். நாயின் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. அதை அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். போன பிறகு மெதுவாகப் பின்வாங்கி விலகலாம். கீழே தள்ளப்பட்டுவிட்டால் முழங்கால்களை மடக்கி, முகத்தை உள்ளே புதைத்து, விரல் கோத்த கைகளால் பின்கழுத்தையும் காதுகளையும் மூடிப் பந்து போலச் சுருண்டுகொள்ள வேண்டும். மிதிவண்டியில் போகும்போது துரத்தினால் நிறுத்தி இறங்கி, வண்டியைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றை வாயால் சொல்லி முடித்துவிடாமல் மைதானத்தில் பத்து முறையாவது செய்ய வையுங்கள். பயம் வரும்போது அறிவு வேலை செய்யாது. பழகிய உடல்தான் வேலை செய்யும்.

இத்தகைய பாடத்தால் பயன் உண்டா என்ற ஐயம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத் தொடக்கப் பள்ளிகளில் 7, 8 வயதுக் குழந்தைகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. சில பள்ளிகளில் அரை மணி நேரப் பாடம் ஒன்று நடத்தினார்கள், சிலவற்றில் நடத்தவில்லை. சில நாள் கழித்து, சாதுவான லாப்ரடார் நாய் ஒன்றைப் பள்ளி மைதானத்தில் கட்டிவைத்து, அதன் உரிமையாளர் சற்றுத் தள்ளி வேறு வேலையில் இருப்பது போல் இருக்க, குழந்தைகளை விளையாட விட்டுக் கவனித்தார்கள். பாடம் கேட்காத குழந்தைகளில் 79 சதவீதம் பேர் நேராகப் போய் நாயைத் தடவினார்கள். பாடம் கேட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. அரை மணி நேரத்துக்கு இவ்வளவு பலன் என்பது பெரிதுதான். ஆனால் அவர்கள் அளந்தது சில நாள்களுக்குப் பிந்தைய நடத்தையை மட்டுமே. ஆண்டு முழுவதும் கடிகள் குறைந்தனவா என்பதை அல்ல. ஆகவே ஒரு முறை நடத்திவிட்டு நிறுத்தாமல் ஒவ்வொரு பருவத்திலும் திரும்பச் செய்யுங்கள்.

வகுப்புக்கு நாயைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. 38 குழந்தைகள் சூழ்ந்து கூச்சலிடும் ஓர் அறை எந்த நல்ல நாய்க்கும் துன்பமானது. பஞ்சு அடைத்த பொம்மை நாய் போதும்.

கல்லெறியும் குழந்தைகளைப் பற்றி ஒன்று. "நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நாய் என்றால் கல் என்பது நம் நினைவிலேயே ஒட்டிக்கிடக்கிறது. பத்துப் பேராகச் சேர்ந்து எறிந்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். சீருடை அணிந்த சிறுவர்கள் என்றாலே வலி என்று அந்த நாய் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே வழியில் தனியாக வரும், ஒரு கல்லும் எறியாத முதல் வகுப்புக் குழந்தையிடம் அது அந்தப் பாடத்தைக் காட்டுகிறது. இதை இப்படியே சொல்லுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கு நியாயம் புரியும்.

மறுமொழி 2
எழுதியவர்: சிப்பிப்பாறை வளர்ப்பவர், விருதுநகர் மாவட்டம்

மருத்துவர் ஐயா சொன்னவற்றை முழுவதும் ஏற்கிறேன். உயிருள்ள நாயைக் காட்டவே வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. நன்கு பழகிய நாய் ஒன்றை அதன் உரிமையாளரோடு மைதானத்தில் நிறுத்தி, மூன்று மூன்று குழந்தைகளாக வந்து, கேட்டுத் தொடும் முறையைப் பழக்கினால் கல்லெறியும் பிள்ளைகளின் மனம் மாறுவதை என் மகளின் நண்பர்களிடம் பார்த்திருக்கிறேன்.

பொறுப்பாக வளர்ப்பது பற்றி என் தவற்றையே சொல்கிறேன். எங்கள் சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே பிறந்த வேட்டை நாய். அதை முதல் இரண்டு ஆண்டுகள் மாட்டுக் கொட்டகைத் தூணில், நான்கடிச் சங்கிலியில், பகல் முழுவதும் கட்டிவைத்திருந்தேன். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தாலும் கவனிக்காத நாள்கள் உண்டு. ஒரு கோடை மதியத்தில், பந்தை எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையைக் கடித்துவிட்டது. ஊரார் நாயைக் குறை சொன்னார்கள். குற்றம் என்னுடையது. கட்டிப்போட்ட நாய்க்கு ஓடித் தப்பிக்க வழியில்லை. ஆகவே அது கடித்துத்தான் தப்பிக்கப் பார்க்கும். தடுப்பூசி போட்டிருந்தேன் என்பதால் மட்டும் அந்தச் சிறுவனின் பெற்றோர் முகத்தை இன்றும் பார்க்க முடிகிறது. அப்போதும் அவனுக்கு எல்லா ஊசிகளையும் உடனிருந்து போடச் செய்தேன்.

இப்போது வேலி அடைத்த இடத்தில் அவிழ்த்து விட்டிருக்கிறேன். காலையும் மாலையும் வார் பிடித்து நடத்திச் செல்கிறேன். என் மகளுக்கு வயது பத்து. காலையில் தண்ணீர் மாற்றுவதும், தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகளை நோட்டில் எழுதி வைப்பதும் அவள் வேலை. முழுப் பொறுப்பையும் அவள்மேல் போடவில்லை. நாய்க்குப் பெரியவர்தான் பொறுப்பு, குழந்தை உதவியாள்.

ஆசிரியை அவர்கள் இதைக் கணக்குப் பாடத்தோடு சேர்க்கலாம். நாயின் ஆயுள் பத்திலிருந்து பதின்மூன்று ஆண்டு. இன்று குட்டி கேட்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு, அந்த நாய் கிழடாகும்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு, மாதத்துக்கு எவ்வளவு செலவு, நாம் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்று அவர்களே கணக்குப் போடட்டும். கருத்தடை செய்யாத பெண் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலும் பாலத்தடியிலும் விட்டு வருவது எங்கள் பக்கத்தில் வெளிப்படையாகவே நடக்கிறது. பிறகு அவற்றையே தெருநாய்த் தொல்லை என்கிறோம்.

மறுமொழி 3
எழுதியவர்: செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்

அன்புள்ள டீச்சர், உங்கள் மாணவனின் கதை எங்களுக்கு வாரந்தோறும் வரும் கதை. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது. அறிகுறி தோன்றுவதற்கு முன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் நோயை வரவிடாமல் தடுத்துவிடலாம். இடையில் இருக்கும் காலம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். சிலருக்குச் சில நாள்களாகக்கூடக் குறையும். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் முகத்திலும் தலையிலும் கடிபடுவது அதிகம். கடி மூளைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு அவசரம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்நோயால் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்த எண்களைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

குழந்தைகளிடம் சொல்ல வேண்டியவை இரண்டே. கழுவு, சொல்.

கடித்த இடத்தையோ பிறாண்டிய இடத்தையோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பெரியவர்கள்கூட இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவியதாக நம்புகிறார்கள். எனவே வகுப்புக் கடிகாரத்தைக் குழாயருகே கொண்டுபோய் வைத்து, ஒரு குழந்தையின் கையில் பேனா மையைத் தடவி, முழுப் பதினைந்து நிமிடமும் கழுவ வையுங்கள். மற்றவர்கள் நேரத்தை அறிவிக்கட்டும். அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது அன்று அவர்களுக்கு உடம்பில் ஏறும். கழுவிய பின் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி, எண்ணெய் என எதையும் வைக்கக் கூடாது. துணியால் இறுக்கிக் கட்டவும் கூடாது. அடுத்து மருத்துவமனை.

தொப்புள் ஊசியைப் பற்றிப் பாட்டி சொன்னது பொய்யன்று. அது அவர் கண்ட காலம். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியை வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். அதன் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் போடுவது மேற்கையின் தோலில், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, 0.1 மில்லி அளவு. முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள். கட்டணம் இல்லை. இரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்துவோம். பாட்டிகளைப் பள்ளிக்கு அழைத்து இதைச் சொல்லுங்கள். அவர்கள் மாறினால் வீடே மாறும்.

பெற்றோரிடம் வலியுறுத்த இன்னும் சில உண்டு. குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்பது தவறு. குட்டிக்கும் ரேபிஸ் வரும். பூனையும் குரங்கும்கூடக் கடித்தால் காட்ட வேண்டும். டி.டி. ஊசி போட்டுக்கொண்டோம், போதும் என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது இரணஜன்னிக்கு உரியது, ரேபிஸைத் தடுக்காது. கடித்த நாய் உயிரோடு திரிகிறதே என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் ஊசி, பிறகு பத்து நாள் நாயைக் கவனிப்பது. இரண்டு ஊசியோடு நின்றுவிடும் குழந்தைகளைத் தேடி நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். தேதிகளை நீங்களும் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால் பெரிய உதவி.

"சொல்" என்பதுதான் கடினமானது, டீச்சர். கடிபட்ட குழந்தையைப் பார்த்தவுடன் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "நீ ஏன் அங்கே போனாய்?" என்பது. அந்தக் கேள்வியைக் கேட்ட குழந்தை அடுத்த முறை சொல்லாது. பெற்றோர் கூட்டத்தில் அவர்களிடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: கடிபட்டு வரும் பிள்ளையை அன்று திட்ட மாட்டோம், அடிக்க மாட்டோம். அதை அவர்கள் பிள்ளைகளின் எதிரிலேயே சொல்லட்டும்.

மறுமொழி 4
எழுதியவர்: அரசுப் பள்ளி ஆசிரியர், சென்னை

நாய்கள் பள்ளிக்கு ஏன் வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் காலை உணவும் சத்துணவும் உண்டு. மீந்த சோற்றைச் சமையலறைக்குப் பின்னால் கொட்டிவந்தோம். தட்டோடு நடக்கும் குழந்தைகளின் பின்னால் நாய்கள் வரத் தொடங்கின. சில குழந்தைகள் ஊட்டினார்கள், சிலர் காட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்கள். மூடியுள்ள தொட்டி வைத்து, அமர்ந்தே உண்ண வேண்டும் என்று ஒழுங்கு செய்த இரண்டு வாரங்களில் நாய்களின் வரவு வெகுவாகக் குறைந்தது. எந்தப் பாடத்தையும்விட அந்தத் தொட்டி எங்களுக்கு உதவியது.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த பின் அதே இடத்தில் திரும்ப விடாமல் காப்பகங்களில் வைக்கவும் உத்தரவிட்டது. ஆகவே வளாகத்துக்குள் இருக்கும் நாய்களைப் பற்றி ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ எழுத்தில் தெரிவிப்பது பள்ளியின் கடமை. ஆனால் குழந்தை வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தெரு அப்படியேதான் இருக்கிறது. அதனால் உங்கள் பாடம் தேவைதான். கூடுமானால் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியைக் குழந்தைகளே வரைந்து, நாய்கள் கூடும் இடங்களையும், உள்ளே போய் நின்றுகொள்ளத்தக்க கடைகளையும் வீடுகளையும் குறிக்கச் செய்யுங்கள். எங்கள் குழந்தைகள் வரைந்தவற்றில், நாங்கள் அறியாத ஓர் இறைச்சிக் கடைச் சந்து தெரியவந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வர இப்போது பெரிய பிள்ளைகள் துணை வருகிறார்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

விருதுநகர் நண்பர் கூறிய முறை, அதாவது திறந்த மைதானம், உடன் உரிமையாளர், ஒரு நேரத்தில் மூன்று குழந்தைகள் என்பது என் அச்சத்தில் பெரும்பகுதியைப் போக்குகிறது. தடுப்பூசி முடிந்த, குழந்தைகளோடு வளர்ந்த, வயது முதிர்ந்த நாயாக இருந்து, பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாமல், நாய் முகத்தைத் திருப்பிய உடனே நிறுத்திவிடுவதானால் செய்யலாம். நிறுத்துவதைக் குழந்தைகளே கண்டு சொன்னால் அதுவே அன்றைய பாடம். பொம்மையில் நன்கு பழகிய பிறகு மட்டுமே இதைச் செய்யுங்கள்.

தடுப்பூசி போடாத வீட்டு நாய்களுக்கு: குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் மறு ஊசி. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம்கள் நடத்துகிறது. ஜூலை 6, 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்நோய்க்குத் தடுப்பூசி செலுத்திய நாள். செப்டம்பர் 28 அவர் மறைந்த நாள். உங்கள் மாணவர்களின் வயதுதான் அந்தச் சிறுவனுக்கும். நம் குன்னூரில் 1907 முதல் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியதே. உங்கள் ஊர் மருந்தக மருத்துவரிடம் பேசி, முகாமைப் பள்ளி வாசலில் நடத்தக் கேளுங்கள், மறுக்க மாட்டார். பிள்ளைகள் இழுத்து வரும் நாய்க்குப் பின்னால் பெரியவர்களும் வந்துவிடுவார்கள்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: தொடக்க வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு பாடவேளைகள் முடிந்துவிட்டன.

முதலில் பெற்றோர் கூட்டம் நடத்தினோம். செவிலியர் அம்மா சொன்ன வாக்குறுதியைக் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். ஆனால் கடிபட்ட மாணவனின் தாய் எழுந்து, "என் பிள்ளை மூணு நாள் எனக்குப் பயந்துகிட்டுதான் மறைச்சிருக்கான்" என்று சொன்ன பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் வாக்குக் கொடுத்தார். நான்கு பாட்டிகளும் வந்திருந்தார்கள். தொப்புள் ஊசி இப்போது இல்லை என்பதை அவர்கள் நம்பவில்லை. அந்த மாணவன் தன் மேற்கையைக் காட்டி, "இங்கதான் பாட்டி போட்டாங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொன்னதும் நம்பினார்கள்.

மரம் போல நிற்பதை மைதானத்தில் பழகினோம். ஒருவர் நாயாக வந்து முகர்ந்து போக, மற்றவர்கள் மரமாக நின்றார்கள். கல்லெறிவதில் முன்னால் நிற்கும் பையனைத்தான் நாயாக நடிக்க வைத்தேன். சுற்றி நின்றவர்கள் எறிவது போல் கை ஓங்கியபோது அவன் தானாகவே ஒடுங்கிப் பின்வாங்கி உறுமினான். "ஏன் உறுமினாய்?" என்று கேட்டேன். "எல்லாப் பக்கமும் ஆள் நின்னாங்க டீச்சர்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் விளக்கவில்லை.

குழாயடியில் பதினைந்து நிமிடக் கழுவலும் நடந்தது. ஏழாவது நிமிடத்திலேயே, "இன்னுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். அது முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் பின்தங்கி நின்றாள். இரண்டு நாளுக்கு முன் வீட்டு நாய்க்குச் சோறு வைக்கும்போது அதன் பல் கணுக்காலில் கீறிவிட்டது என்றும், வீட்டு நாய்தானே என்று சொல்லாமல் விட்டதாகவும் சொன்னாள். அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டதில்லை. அவளோடு திரும்பக் குழாயடிக்கு நடந்தேன். வகுப்பே கடிகாரத்தோடு பின்னால் வந்தது. தாமதமானாலும் கழுவுவது நல்லதுதான் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். செய்தி சொன்னதும் அவள் அம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். மகளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தூக்கி வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். இரண்டு ஊசிகள் முடிந்திருக்கின்றன. மூன்றாவது வரும் வெள்ளிக்கிழமை. தேதியை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.